சேர் பண்ணுங்க, மழைத்துளி

உயிரே போனாலும் சேரை விடுவதில்லை என்று ஒருநாள் காலையில் முடிவு எடுத்தேன்.

சேர் என்றால் பதவி, கிதவி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டு ஹாலில், ஜன்னல் ஓரமாகக் கிடக்கும் சாய்வு நாற்காலி. நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். ஊரையெல்லாம் உட்கார வைத்துவிட்டு, வேலைக்காலம் முழுக்க நின்றுகொண்டே போனவன். ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக அந்தச் சேரை வாங்கிப் போட்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை.

படிப்பு என்னை ஆறாம் வகுப்பிலேயே இறக்கிவிட்டுவிட்டுப் போய்விட்டது. ஆனால் காது கூர்மை. கடைசி சீட்டில் ஒருத்தன் டிக்கெட் எடுக்காமல் மூச்சு விட்டால் முன்படியில் நிற்கிற எனக்குக் கேட்கும்.

என் வீட்டுக்காரி டிராயிங் டீச்சராக இருந்தவள். அவளும் ஓய்வு பெற்றாள். இரண்டு பேரும் ஓய்வாக இருக்கலாம் என்று நினைத்தால், தொலைதூரக் கல்விக் கல்லூரி ஒன்று அவளைக் கூப்பிட்டு, வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் டிசைன் சொல்லிக்கொடுங்கள் என்றது. துணியில் போடுகிற பூ டிசைன் இல்லை. வீட்டுக்குள்ளே எது எங்கே இருந்தால் மனுஷனுக்குச் சௌகரியம் என்று யோசிக்கிற டிசைன். தொலைதூரக் கல்வி என்றால் மாணவர்கள் தொலைவில் இருப்பார்கள் என்று நினைத்தேன். தொலைய வேண்டியவன் நான்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"ஏங்க, எந்திரிங்க. கிளாஸ் ஆரம்பிக்கப் போகுது."

"ஆரம்பி. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்."

"ஜன்னல் வெளிச்சம் என் முகத்துல விழணும். உங்க கால் வேற கேமராவுல தெரியுது."

"காலுதானே? முகம் தெரியலையே?"

"முகம் தெரிஞ்சா அப்புறம் கிளாஸ்ல யாரு சேருவாங்க?"

தினமும் இதே கூத்து. சேரை மூலைக்குத் தள்ளுவாள். அந்த இடத்தில் மேஜையும் லேப்டாப்பும் வந்துவிடும். நான் பின்வாசல் படிக்குப் போய்விடுவேன். அங்கிருந்து அவள் பேசுவது மட்டும் கேட்கும்.

அப்படிக் கேட்டதில்தான் வந்தது வினை.

"எல்லாரும் வந்தாச்சா? இப்ப நான் சேர் பண்றேன். தெரியுதா?"

"தெரியுது டீச்சர்!" என்று பத்துப் பதினைந்து குரல்.

"டீச்சர், எனக்கு மட்டும் தெரியல. எனக்கும் சேர் பண்ணுங்க."

"பண்றேன், பண்றேன். கிளாஸ் முடிஞ்சதும் எல்லாருக்கும் சேர் அனுப்பிடறேன். நீங்களே வச்சுக்கலாம்."

இருப்பது ஒரே ஒரு சேர். அதை ஊர் பேர் தெரியாதவர்களுக்கு வாரி விடுகிறாள்! யாருக்கு, எப்போது என்று தெரிந்தாக வேண்டும். நேரே கேட்டால் சொல்ல மாட்டாள். அதனால் நானே அந்த வகுப்பில் சேர்ந்து வேவு பார்ப்பது என்று தீர்மானித்தேன். சேரைக் காப்பாற்றச் சேர்ந்தவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான்.

தெருமுனையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் எனக்கு வேண்டியவர். புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதம் சும்மாவே சேர்ந்து பார்க்கலாம் என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

"அண்ணே, பேரு என்ன போடட்டும்?"

"என் பேரைத் தவிர எதை வேணும்னாலும் போடு."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு 'மழைத்துளி' என்று தட்டினார்.

"என் உடம்புக்கு மழைத்துளியா? அணைக்கட்டுன்னு போட்டாலும் பொருந்தும்."

"கேமராவை மூடியே வைங்கண்ணே. எடை தெரியாது."

மறுநாள் பின்வாசல் படியில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். ஹாலில் இருந்தவள் போனுக்குள்ளே இருந்தாள்.

"வாங்க மழைத்துளி! உங்களை மாதிரி ஆர்வமா வர்றவங்கதான் எங்களுக்கு வேணும்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு இனிப்பாக ஒரு 'வாங்க' நான் வாங்கியதில்லை.

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று, ஒற்றை விரலால் தட்டித் தட்டி 'வணக்கம்' எழுதினேன். கூடப் படிக்கிறவர்களைப் பார்த்தேன். ஒரு நர்ஸ், டியூட்டி உடுப்போடு. ஒரு கப்பல் சமையல்காரர். நடுக்கடலில் இருந்து படிக்கிறார். அவர் முகம் மேலே போகும், கீழே வரும். அவர் சந்தேகம் கேட்டால் எனக்குத் தலை சுற்றும்.

பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வாசல் பெல் அடித்தது.

"மழைத்துளி வீட்டுல பெல் அடிக்குது போல. போய் யாருன்னு பார்த்துட்டு வாங்க, நாங்க காத்திருக்கோம்" என்றாள்.

நானும் ஓடிப் போய் கதவைத் திறந்து பார்சலை வாங்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மழைத்துளி வீட்டு பெல் அவளுக்கு எப்படிக் கேட்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை. தன் வீட்டு பெல்லை இன்னொருத்தன் வீட்டு பெல் என்று நினைக்கிறாளே, என்ன அப்பாவி என்று சிரித்துக்கொண்டேன்.

அவர்கள் வகுப்பில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. சுவரில் மாட்டுகிறது இல்லை, திரைக்குள்ளே இருப்பது. உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் அதில் மஞ்சள் சீட்டு ஒட்டலாம், படம் வரையலாம். கடலில் இருந்து ஒருத்தர் ஒட்டிய சீட்டு எங்கள் வீட்டுப் பின்படியில் வந்து விழுவதைப் பார்த்து நான் கொட்டாவியைக்கூட மறந்தேன்.

அப்போதுதான் கேட்டாள்.

"மழைத்துளி, இப்ப நீங்க சேர் பண்ணுங்க."

வந்துவிட்டது! கடைசியில் என்னிடமே கேட்கிறாள்! பெரிதாகத் தட்டினேன்: 'சேரைத் தர முடியாது.'

கப்பல்கூட ஆடாமல் நின்ற மாதிரி இருந்தது.

நர்ஸ்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "ஐயோ மழைத்துளி, நாற்காலி இல்லீங்க! ஷேர்! உங்க போன் திரையில இருக்கிறதை எங்களுக்கும் காட்டறது."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை, முகத்தைத்தான் மூடி வைத்திருந்தேனே. காது கூர்மையாக இருந்து என்ன செய்ய? விழுந்ததற்கு அர்த்தம் நாம்தானே போட வேண்டியிருக்கிறது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. "இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல. நல்ல டிசைன் பிரச்சினை கிடைச்சிருக்கு. ஒருத்தர் ஒரு சேரை விட மாட்டேங்கிறார். வீட்டுல மத்தவங்களுக்கு அந்த இடம் வேணும். சேரைப் பார்க்காதீங்க, அதுல உக்கார்ற ஆளைப் பாருங்க. அவருக்கு அங்க என்ன கிடைக்குது? அதைவிட நல்ல இடமா ஒண்ணு வரைஞ்சு கொண்டாங்க. இதுதான் உங்க பயிற்சி. மழைத்துளி, அந்த ஆள் யாரு?"

'எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர்' என்று எழுதினேன்.

கேள்வி மேல் கேள்வி. நர்ஸ் கேட்டாள்: "சேர்ல உக்காந்து அவர் என்ன பண்ணுவார்?"

'பேப்பர் படிப்பார்.'

"எவ்வளவு நேரம்?"

'தூங்குகிற வரைக்கும்.'

"மத்த நேரம்?"

'ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பார். தெரிந்தவர் போனால் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்.'

கப்பல்காரர் மேலே போனபோது யோசித்து, கீழே வந்தபோது சொன்னார். "எனக்கு ஒண்ணு தோணுது டீச்சர். அவருக்கு ஜன்னலும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். பேச்சுக்கு ஆள் வேணும். கடல்ல எனக்கும் அதேதான்."

எனக்குச் சுருக்கென்றது. ஹால் ஜன்னலுக்கு வெளியே மதில் இருக்கிறது. போகிறவர்களின் தலைமுடி மட்டும்தான் தெரியும். பாதிப் பேர் பதிலே சொல்வதில்லை. பஸ்ஸில் அத்தனை பேரோடு கத்திக்கொண்டு இருந்தவன், இப்போது மயிரைப் பார்த்துக் குசலம் விசாரித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பின்வாசலைச் சுற்றிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே சந்து. பஸ் ஸ்டாப்புக்குக் குறுக்கு வழி. ஊரே அதில்தான் போகிறது, வருகிறது. விறுவிறுவென்று விரலால் வரைய ஆரம்பித்தேன். சேர் கேட்டைப் பார்த்துக் கொஞ்சம் சாய்வாக. வெயில் முதுகில் விழும், கண்ணில் விழாது. மேலே ஒரு தகரம். வலது கைப்பக்கம் டீ வைக்க ஒரு பலகை. போன் சார்ஜ் போட ஒரு பிளக். முதல் படம் மிதிபட்ட நண்டு மாதிரி வந்தது. நர்ஸ் கோடுகளை நிமிர்த்திக் கொடுத்தாள். கப்பல்காரர் தகரத்தில் தண்ணீர் வழிய ஒரு சரிவு வைத்தார்.

எல்லோரும் பலகையில் நட்சத்திரம் ஒட்டி ஓட்டுப் போட்டார்கள். என் படத்தில் வானமே இறங்கிவிட்டது.

"மழைத்துளி, அசத்திட்டீங்க!" என்றாள் டீச்சர். நான் துள்ளி எழுந்ததில் தலை கதவு நிலையில் இடித்தது.

சாப்பிடும்போது மெல்ல வாயைக் கிண்டினேன்.

"இன்னைக்கு கிளாஸ் எப்படி?"

"ஒருத்தர் பிரமாதமா வரைஞ்சிருந்தார். என்ன மூளை!"

"அப்படியா? யாரு?"

"மழைத்துளின்னு ஒருத்தர். சின்ன வயசா இருக்கும்."

"அவ்வளவு நல்லா வரைஞ்சானா?"

"என்ன அவன் இவன்னு? மரியாதையாப் பேசுங்க. அவர் யோசிக்கிறதுல கால்வாசி நீங்க யோசிச்சா இந்த வீடு எப்பவோ உருப்பட்டிருக்கும்."

என்மேலேயே எனக்குப் பொறாமை வந்து, சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில் ஒரு தச்சர் உளி, ரம்பத்தோடு வந்து நின்றார்.

"எதுக்கு இவரு?" என்றேன்.

"ஓட்டுல முதல்ல வந்த டிசைனை நிஜமாவே செஞ்சு பார்த்து, மாணவர்களுக்குக் காட்டணும். நம்ம சேர்தான் இருக்கே" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. நான் வரைந்தது எனக்கே பின்வாசல்!

"அதெல்லாம் நடக்காது! யாரோ ஊர் பேர் தெரியாத துளி எதையோ கிறுக்கினா, நான் ஹாலை விட்டுப் போகணுமா?" என்று சேரில் ஏறி, இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டேன். "யாரு வந்து நகத்தறான்னு பார்க்கறேன்!"

அவள் போனில் படத்தைத் திறந்து தச்சரிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது சரிப்படாதும்மா. ஐயா இங்கேயே இருக்கட்டும்."

ஆஹா, மனுஷன் என்றால் இவர் மனுஷன்! எழுந்து கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "கேட்டியா? தொழில் தெரிஞ்சவர் சொல்றார்!" என்றேன். "ஆமா... ஏன் சரிப்படாது?"

"பலகை வச்சிருக்கிற உயரத்துக்கு டீ கொட்டும்."

காது லேசாகச் சூடேறியது. "அது எப்படிங்க கொட்டும்? கை மடங்கற இடத்துலதானே பலகை இருக்கு?"

"இல்லீங்கய்யா, மொத்தமா சரியில்ல. சேரு கோணலா நிக்குது. சேர்ல உக்காந்தே பழக்கம் இல்லாத யாரோ வரைஞ்சிருக்காங்க."

"யோவ்!"

அதற்குப் பிறகு நடந்தது எனக்கே சரியாக நினைவில்லை. "கோணல் இல்லய்யா, அதான் டிசைன்! வெயில் எந்தப் பக்கம் வருதுன்னு பாரு! ஆள் எந்தப் பக்கம் போறான்னு பாரு! வா, காட்டறேன்!" என்று சேரைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடியிருக்கிறேன். சரியாகச் சாய்த்துப் போட்டேன். பலகையை நானே பிடித்துக்கொண்டு ஆணி அடிக்கச் சொன்னேன். தகரத்துக்கு நானே ஏணி பிடித்தேன். உட்கார்ந்து, ஒரு டீ வரவழைத்து, பலகையில் வைத்துக் காட்டினேன். ஒரு சொட்டுக்கூடக் கொட்டவில்லை.

"இப்ப என்ன சொல்ற?"

"தப்பா சொல்லிட்டேங்கய்யா" என்று தலையைச் சொறிந்தார் தச்சர்.

சந்தில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்த ஒருவர் நின்று, "என்ன கண்டக்டர், புது இடமா?" என்று முழு முகத்தோடு கேட்டார். எனக்குச் சொர்க்கமாக இருந்தது. மழைத்துளியின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமிதத்தில் சாய்ந்தேன்.

சாய்ந்த பிறகுதான் ஹாலில் சத்தம் கேட்டது. ஜன்னல் ஓரத்தில் மேஜையை இழுத்துப் போடுகிற சத்தம். அதற்கு மேலே, வாசலில் தச்சர் அவளிடம் ரகசியமாகச் சொன்னதும் என் பாழாய்ப்போன காதில் விழுந்தது.

"மூணு தடவை சரியில்லன்னு சொல்லச் சொன்னீங்கம்மா. ரெண்டாவதுக்கே ஐயா சேரைத் தூக்கிட்டார்."