பூட்டுக்கு முதல் தரம்

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, மகன் ஜெஸ்டன் கால்பந்துக் கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரிக்கும் படத்தைக் காணவில்லை.

ஜெபசீலன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினார். நேற்று இருந்தது. அதற்கு முன்னால் ஏலகிரிப் படம் போனது. அதற்கும் முன்னால், மகன் பைக்கின் மேல் சாய்ந்து நின்ற படம். அந்த பைக்கில்தான் போன மழைக்காலத்தில் ஆம்பூர் பைபாஸில் அவன் செத்துப்போனான். கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏறிய அந்தப் படங்களில் ஒன்றுகூடக் காகிதத்துக்கு வரவில்லை.

"புஷ்பம், இன்னொண்ணும் போச்சு."

மனைவி ஜெயபுஷ்பம் நர்ஸ் உடுப்பில் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இட்லித் தட்டைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"போனது போகட்டும். எழுந்து சாப்பிடுங்க."

அவர் எழவில்லை. வேலைக்குப் போகும்முன்னும் வந்தபின்னும் அவர் உட்காரும் இடம் அதுதான். வீட்டுக்கு வந்த போதகர்கூட அவருடைய திரும்பாத முதுகைப் பார்த்தே ஜெபம் செய்துவிட்டுப் போனார். வீட்டில் யாரும் பேசுவதில்லை. கம்ப்யூட்டர் மட்டும் உள்ளுக்குள் உறுமிக்கொண்டிருக்கும். மத்தியானங்களில், ஜெயபுஷ்பத்துக்கு டியூட்டி இல்லாத நாட்களில், பக்கத்து வீட்டு சைரா வந்து அதில் தன் காலேஜ் வேலைகளைச் செய்துகொள்வாள்.

சைராவின் அப்பா நசீர் அகமது, தோல் தொழிற்சாலையில் ஜெபசீலனோடு ஒரே மேசையில் தரம் பிரிப்பவர்.

"வைரஸ்பா அது," என்றார் நசீர். "என் மச்சான் ஆபீஸ்ல கணக்கு மொத்தத்தையும் தின்னுடுச்சு. ஆன்டிவைரஸ் போடு."

"எதைப் போடறது?"

"அது யாருக்குத் தெரியும்? ஊர்ப்பட்டது கீது."

ஒப்பிட்டுப் பார்ப்பது ஜெபசீலனின் தொழில். தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்த இடத்தை விரலால் கண்டுபிடித்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்பவர். கம்ப்யூட்டர் பத்திரிகைகளை வாங்கிப் படித்தார். ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொன்றை முதல் என்றது. பெயர்கள் வாயில் நுழையாததால் பெட்டியில் இருந்த படங்களை வைத்துச் சொன்னார்: சிங்கம், கழுகு, பூட்டு. கடைசியில் மூன்றையும் ஏற்றினார்.

"மூணும் ஒண்ணாவா?" என்றார் நசீர்.

"நாம பாத்த தோலைக் கம்பெனி ஆளு பாக்கறான். அவன் பாத்ததை வெளிநாட்டுக்காரன் வந்து பாக்கறான். ஒருத்தன் விட்டதை இன்னொருத்தன் புடிப்பான். யாராச்சும் கோச்சிக்கிறோமா?"

"உள்ளுக்குள்ள கோச்சிக்கிறோம்," என்றார் நசீர்.

கம்ப்யூட்டரும் உள்ளுக்குள் கோபித்துக்கொண்டது. சிங்கம், பூட்டை வைரஸ் என்று பிடித்தது. பூட்டு, கழுகைச் சிறையில் போட்டது. சிறையில் இருந்தபடியே கழுகு, 'உங்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்பாக உள்ளது' என்று அறிவித்தது. ஒரு படம் திறப்பதற்குள் ஜெபசீலன் முகச்சவரம் செய்து முடித்தார்.

சிங்கத்தை நீக்கினார். அதோடு சத்தமும் போனது. கழுகு கேட்டதற்கெல்லாம் 'சரி' அழுத்தினார். இன்டர்நெட் போனது. இன்டர்நெட் இல்லாததால், 'என்னைப் புதுப்பி' என்று பூட்டு ஓயாமல் நச்சரித்தது. போன சிங்கத்தைத் திருப்பிக் கூட்டிவந்தார். வந்ததும் அது மறுபடி பூட்டைப் பிடித்தது.

நடுவில் ஜெஸ்டனின் ஞானஸ்நானப் படமும் காணாமல் போனது.

"இந்த சிங்கம் இருக்குதே, வெறும் பந்தா," என்று இரவு தட்டின் முன்னால் திட்டினார். "கழுகு அதுக்கு மேல. குருட்டுக் கழுகு." திட்டிக்கொண்டே இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டார். ஜெயபுஷ்பம் மூன்றாவதை ஓசைப்படாமல் தட்டில் வைத்தாள்.

பரீட்சைக்காக சைரா காட்பாடியில் தோழி வீட்டுக்குப் போனாள். அந்த வாரம் ஒரு படமும் போகவில்லை.

"பூட்டு!" என்றார் ஜெபசீலன் தொழிற்சாலையில். "மூணுல பூட்டுதான் வேலை செய்யுது. முதல் தரம்."

"மத்த ரெண்டும்?"

"ரிஜெக்ட்."

ஆனால் கம்ப்யூட்டர் முழுதாகத் திறக்க மறுத்தது. ஜெயபுஷ்பம் டியூட்டியில் இருந்த ஒரு நாள், அவர் அதைத் தூக்கிக்கொண்டு பஜாரில் பூவரசனின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்.

பூவரசன் நெடுநேரம் பார்த்தான். "இன்னா சார் இது, மூணும் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கினு கீது. ஒண்ணைப் புடுங்கினா இன்னொண்ணு பேஜார் பண்ணுது. ஃபார்மட் பண்ணிடலாம்."

"அப்படின்னா?"

"உள்ள கீறதெல்லாம் துடைச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கறது. எதுவும் மிச்சம் இருக்காது. வேணுங்கறதைச் சொல்லுங்க, சிடில போட்டுத் தர்றேன்."

கடையில் மின்விசிறி சுற்றியது. ஜெபசீலன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். போனவை போய்விட்டன. இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும்.

"என் பையன் படம் கொஞ்சம் மிச்சம் இருக்குது. அந்த ஒரு ஃபோல்டர் போதும்."

"வேற எங்கனா ஏதாச்சும் கீதா சார்?"

"வேற ஒண்ணும் இல்லப்பா. முடிச்சுடு."

அன்று மாலை கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்டது. பூட்டு மட்டும் காவல் இருந்தது. சிடியைக் கைக்குட்டையில் சுற்றிப் பீரோவில் வைத்தார். பிறகு, யாரும் கூப்பிடாமலே கை கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

"கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணிட்டேன் புஷ்பம். இனி ஒண்ணும் போகாது."

"நல்லது," என்றாள் அவள்.

"குழம்பு நல்லா இருக்குது. இன்னும் கொஞ்சம் ஊத்து."

அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். பல மாதங்களாக அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊற்றினாள்.

பரீட்சை முடிந்து வந்திருந்த சைரா வாசலில் செருப்பைக் கழற்றினாள். ஜெபசீலனையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாக ஜெயபுஷ்பத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, அங்கிள்தான் இப்ப நல்லா சாப்பிடறாரே, நீங்க சொல்லி நான் ஒவ்வொண்ணா இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளயே ஒளிச்சு வெச்ச படத்தையெல்லாம் திருப்பி எடுத்துக் குடுத்துடட்டுமா?"