ஐந்தலை நாகத்தின் வருகைப் பதிவு

இன்று வானமே இடிந்து விழுந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன். வானம் பிரச்னையில்லை. என் மனைவிதான்.

'ஐந்தலை நாகம்' என்பது எங்கள் ஆன்லைன் கேம் அணி. ஐந்து பேர். அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒன்றாகப் போய் எதிரியைச் சுடுவோம். நான் கேப்டன். யார் வந்தார், யார் வரவில்லை, எதில் ஜெயித்தோம், எதில் தோற்றோம் என்று கணக்கு வைப்பதும் நானே. தொடர்ந்து மூன்று ஆட்டம் வராதவர் நீக்கப்படுவார் என்று சட்டம் போட்டவனும் நானே. அந்தச் சட்டம் இப்போது என் கழுத்துக்கு வந்துவிட்டது.

காலிறுதி ஆரம்பிக்கும்போது, "என்னங்க, இந்தத் துணிக்கு மேட்சா ஒரு நூல்கண்டு வாங்கிட்டு வந்துடுங்களேன்." அரையிறுதியின்போது தண்ணீர்த் தொட்டியில் ஏதோ சத்தமாம். போய்ப் பார்த்தால் தொட்டி பரம சாதுவாக இருந்தது. இரண்டுக்கும் எனக்கு நானே ஆப்சென்ட் போட்டுக்கொண்டேன். இரண்டிலும் அணி ஜெயித்தது. நான் இல்லாமலே ஜெயிக்கிற அளவுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேனே என்று எனக்கு ஒரே பூரிப்பு.

இன்று இறுதி ஆட்டம். கூப்பிடுகிற ஆளுக்கே ஒரு பதவி கொடுத்துப் பக்கத்தில் உட்கார்த்திவிட்டால் என்ன என்று தோன்றியது.

"இனிமே வருகைப் பதிவு, ரிசல்ட் எல்லாம் உன் பொறுப்பு. நீதான் அணியின் செயலாளர்."

"சம்பளம் உண்டா?"

"மரியாதை உண்டு."

"அதைக் குடுத்தா கடையில காய்கறி தருவாங்களா?"

"கிண்டல் பண்ணாதே. ஆட்டம் முடியற வரைக்கும் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது."

"சரி. அஞ்சு தலைல நீங்க எந்தத் தலை?"

"நடுத்தலை."

"அதான் நேரா வந்து வாங்கிக்குது."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். அவள் ஸ்பீக்கரைப் போட்டுப் பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். முதலில் பல் டாக்டர். எங்கள் தெருமுனையில் கிளினிக் வைத்திருப்பவர்.

"வந்துட்டேன் அக்கா! இன்னிக்கு பைனலாச்சே, அண்ணனை இன்னும் வெளியில அனுப்பலையா?"

அவள் மைக்கையும் ஸ்பீக்கரையும் பட்டென்று அணைத்தாள். ஆனால் என் காது அணையவில்லை.

"என்ன சொல்றாரு அவரு?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்க. நீங்க ஆடினா தோத்துடறாங்களாம். பல்லைக் காட்டப் போனப்ப டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார், இனிமே வெச்சிருக்க முடியாது, எடுத்துட வேண்டியதுதான்னு. நான் கடைவாய்ப் பல்லைச் சொல்றார்னு நினைச்சேன்."

"என்னையா?"

"உங்களைத்தான். வாயில பஞ்சோட கெஞ்சினேன். எடுத்துடாதீங்க, முக்கியமான ஆட்டத்துக்கு மட்டும் அவரை நான் பார்த்துக்கறேன்னு."

"என்னை எடுத்தா உனக்கென்ன? நிம்மதிதானே?"

"ஆபீஸ்லேர்ந்து வர்றப்ப உங்க மூஞ்சியை நீங்க பார்த்ததில்லை. நான் பார்க்கறேன். இந்த நாற்காலில உட்கார்ந்தப்புறம்தான் வாய்விட்டுச் சிரிக்கறீங்க. அதைப் போய் யாராவது பிடுங்க விடுவேனா?"

கல்யாணமான புதிதில்கூட எனக்கு அவள் மேல் இவ்வளவு பிரியம் வந்ததில்லை. "நாலு பேராவா ஆடி ஜெயிக்கறானுங்க?" என்று கேட்டேன்.

"எப்படியோ சமாளிக்கறாங்க."

அணிக்காகத் தியாகம் செய்யாதவன் என்ன கேப்டன்? நானே எழுந்தேன். "மாடியில துணி காயுதா?"

"காயுது. மெதுவாவே எடுத்துட்டு வாங்க. உங்களுக்கு வருகை போட்டுட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பாதிப் படி ஏறியபோதுதான் கூடையை மறந்தது ஞாபகம் வந்தது. திரும்பி வந்தேன். என் நாற்காலியில் அவள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். விரல்கள் கீபோர்டில் பறந்துகொண்டிருந்தன.

"டாக்டர், நீங்க இடது பக்கமா போங்க. மத்தவங்க என் பின்னாடி வாங்க."

ஸ்பீக்கரில் நான்கு குரல்களும் ஒன்றாகச் சொல்லின: "சரிங்க கேப்டன்!"