இரண்டாவது பட்டை

1991 ஜனவரி முதல் தேதி காலை, பல் தேய்த்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வருடம் எப்படியாவது நாயக் ஆகிவிடுவது. வாய் நிறைய நுரை இருந்ததால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. சொல்லவும் வீட்டில் ஆள் கிடையாது. என் மனைவி அம்சவல்லியைப் பொறுத்தவரை நான் ஏற்கெனவே அதற்கும் மேலே, ஹவில்தார்.

முழுதாகச் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு யாரும் படப்பைப் பக்கம் வந்து வாயைத் திறக்க வேண்டாம்.

நான் டெரிடோரியல் ஆர்மிக்காரன். பகுதி நேரச் சிப்பாய். வருடத்தில் இரண்டு மாதம் கேம்ப். துப்பாக்கி, பரேடு, சப்பாத்தி எல்லாம் உண்டு. மீதிப் பத்து மாதம் மறைமலை நகரில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிறேன். நாட்டுக்கு அவசரம் என்றால் கூப்பிடுவார்கள். என்னைக் கூப்பிடும் அளவுக்கு நாட்டுக்கு இதுவரை அவசரம் வந்ததில்லை.

சட்டைக் கையில் ஒரு பட்டை இருந்தால் லான்ஸ் நாயக். இரண்டு இருந்தால் நாயக். மூன்று இருந்தால் ஹவில்தார். எனக்கு ஒன்று. பத்து வருடமாக அதே ஒன்று.

இரண்டாவது பட்டை வேண்டுமென்றால் கேடர் என்றொரு பயிற்சிக்கு மூன்று மாதம் போக வேண்டும். கம்பெனி விடாது. கேம்புக்கு விடுவதே பெரிய விஷயம், கேடர் வேறா என்பார் மானேஜர். சரி, கம்பெனியிலாவது சார்ஜ்ஹேண்ட் ஆகலாம் என்று போய் நின்றால், வருடத்தில் இரண்டு மாதம் காணாமல் போகிறவனை நம்பி லைனை எப்படிக் கொடுப்பது என்று அவரே கேட்பார். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பாண்டுரங்கன் இப்போது எனக்கு மேலே சார்ஜ்ஹேண்ட். கேம்பில் என்னைக் கம்பெனி ஆள் என்கிறார்கள். கம்பெனியில் ஆர்மி ஆள் என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையென்றால் நான் எங்கேயுமே வேலை பார்க்கவில்லை. ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பல நாள் எனக்கே அப்படித்தான் தோன்றும்.

ஹவில்தார் விவகாரம் என் மாமா புருஷோத்தமனால் வந்தது. பெண் பார்க்கும்போது பெருமைக்காக அவர் என்னை ஹவில்தார் என்று சொல்லி வைத்துவிட்டார். நிச்சயதார்த்தத்தன்று மாமனார் என் கையைப் பிடித்துக் குலுக்கியபோதுதான் எனக்கே தெரியும். அப்போதே மறுத்திருக்கலாம். அம்சவல்லி கதவோரம் நின்று என் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் தாம்பரத்தில் மூன்று பட்டை வைத்த துணித்துண்டு ஒன்று வாங்கினேன்.

அன்றிலிருந்து ஒன்பது வருடமாக, கேம்ப் முடிந்து வரும்போது தாம்பரம் ஸ்டேஷன் கழிப்பறையில் ஒரு பட்டையைக் கழற்றி மூன்று பட்டையைப் பின் குத்திக்கொள்வேன். போகும்போது அதே இடத்தில் மூன்றைக் கழற்றி ஒன்றைக் குத்திக்கொள்வேன். என் முழு சர்வீஸ் ரெக்கார்டும் தெரிந்தது அந்தக் கதவின் தாழ்ப்பாளுக்குத்தான். கல்யாணமான புதிதில் காலண்டர் தாளின் பின்பக்கம் பட்டை படமெல்லாம் போட்டு, எது பெரிது எது சிறிது என்று அம்சவல்லிக்குப் பாடம் வேறு நடத்தினேன். கெட்டிக்காரி, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

அவள் அந்தப் பட்டைகளை என்னைவிட நன்றாகப் பயன்படுத்தினாள். மண்ணெண்ணெய் வரிசையில் அவள் கேன் எப்போதும் முன்னால் இருக்கும். எங்கள் மகள் சத்யப்பிரியாவுக்கு இடமில்லை என்ற பள்ளிக்கூடத்தில் மறுநாளே இடம் வந்தது. எதிர்வீட்டுக் காந்திமதி தன் வீட்டுக்கு வழி சொல்வதென்றால்கூட ஹவில்தார் வீட்டுக்கு எதிரில் என்றுதான் சொல்வாள்.

வீட்டுக்குள் என் ரேங்க் வேறு. ரேஷன் கார்டு, கரண்ட் ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று எந்தப் பாரம் வந்தாலும் அம்சவல்லிதான் நிரப்புவாள். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், இங்கிலீஷும் எழுதுவாள். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு நீட்டுவாள். போடுவேன். படித்துப் பார்த்துப் போடுவது அவளைச் சந்தேகப்படுவது மாதிரி ஆகிவிடும் என்பதால் படிப்பதில்லை.

இனி என் திட்டம். இந்த வருடம் தவறினால் வயது தாண்டிவிடும், அப்புறம் கேடரை மறந்துவிட வேண்டியதுதான் என்று கேம்பில் எங்கள் சுபேதார் சொல்லியிருந்தார். கம்பெனி விடாவிட்டால் சம்பளமில்லாத லீவு போட்டாவது போய்விடுவது. நான் நாயக் ஆகிவிட்டால் என் இரண்டு பட்டைப் பொய் ஒரு பட்டைப் பொய்யாகக் குறையும். அதைத் தூக்கிச் சுமக்க என்னால் முடியும் என்று தோன்றியது.

எனக்கு வரும் ஆர்மி கடிதங்களுக்கெல்லாம் கம்பெனி விலாசம்தான் கொடுத்திருந்தேன். உறை மேலேயே லான்ஸ் நாயக் என்று அடித்திருக்கும், வீட்டுக்கு வந்தால் வம்பு. ஆனால் இரண்டு வருடமாகக் கேடர் கடிதம் கம்பெனி டைம் ஆபீஸ் மேஜையில் தேதி முடியும்வரை தூங்கியது. அதனால் இந்த முறை துணிந்து வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். தபால்காரர் நடேசனைப் பிடித்து, டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்து, ராணுவ உறை வந்தால் என் கையில் மட்டும்தான் தர வேண்டும், இது ராணுவ ரகசியம் என்றேன். அவர் போண்டாவை வாயில் வைத்துக்கொண்டே சத்தியம் செய்தார். அம்சவல்லியிடமும் அதே ரகசியத்தைச் சொல்லி, சர்க்கார் உறை எது வந்தாலும் பிரிக்காதே என்றேன். உடனே தலையாட்டினாள். ஒன்பது வருடத்தில் அவள் எதற்கும் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாயக் என்றால் பத்துப் பேரை நிறுத்தி ஆணை போடத் தெரிய வேண்டும். எனக்கு ஆணை வாங்கித்தான் பழக்கம். ஆகவே விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போய் ஆளில்லாத வெளியைப் பார்த்து “சாவ்தான்” என்று கத்திப் பழகினேன். விறைத்து நில் என்று அர்த்தம். அங்கே எருமை குளிப்பாட்டும் ஒருவர், என் சத்தத்தில் எருமைகள் தண்ணீரை விட்டு ஏற மாட்டேன் என்கின்றன என்று வீட்டுக்கே வந்து புகார் செய்தார். ஹவில்தாருக்கு எதற்குப் பயிற்சி, அப்படியே கத்துவதானால் வீட்டில் கத்தினால் என்ன என்று அம்சவல்லி கேட்டாள். வீட்டில் கத்துகிற அளவுக்கு எனக்கு இன்னும் பயிற்சி வரவில்லை.

ஆனி போனது. கடிதம் வரவில்லை. நடேசனைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சைக்கிளை வேறு தெருவில் திருப்பினார். பதிவுத் தபால் நேரமெடுக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது, அம்சவல்லி நான்கு தாள்களை நீட்டினாள். நான்கிலும் பெருக்கல் குறி இருந்தது. நான்கிலும் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஆகஸ்டில் கேம்ப். தாம்பரத்தில் பட்டையை மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மூன்றாம் நாள் காலை மைதானத்தில் சுபேதார் கேடருக்குப் போகிறவர்கள் பட்டியலை வாசித்தார். என் பேர் இல்லை. எனக்கு நான்கு வருடம் பின்னால் சேர்ந்த பென்னலூர் தாவீது பேர் இருந்தது. ஹெட் கிளார்க்கிடம் ஓடினேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

“வாங்க ஹவில்தார் சாப்,” என்றார். பிறகு பைலைத் திறந்து காட்டினார்.

பதவி உயர்வுக்கு விருப்பம் உண்டா இல்லையா என்று கேட்கும் பாரம். உண்டு என்பதை ஸ்கேல் வைத்து அடித்திருந்தது. மேலே லான்ஸ் நாயக் கண்ணப்பன் என்று என் பேரை டைப் செய்திருந்ததில் லான்ஸ் நாயக்கையும் ஸ்கேல் வைத்து அடித்து, ஹவில்தார் என்று நீல மையில் முத்து முத்தாக எழுதியிருந்தது. ஓரத்தில், தட்டச்சுப் பிழை திருத்தப்பட்டது என்று ஒரு குறிப்பு. கையெழுத்து என்னுடையது. அதன் பக்கத்தில் ரப்பரால் அழித்த பென்சில் பெருக்கல் குறியின் தடம் தெரிந்தது.

வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்ப வாங்க முடியாது என்றார் கிளார்க். கையெழுத்து உன்னுடையதுதானே என்று ஒரு தடவை கேட்டார். இல்லை என்றால், என் மனைவி நீட்டும் எதையும் நான் படிக்காமல் கையெழுத்துப் போடுவேன் என்று சுபேதார் காதில் விழும்படிச் சொல்ல வேண்டும். சொன்னால் இருக்கும் ஒரு பட்டையும் போய்விடும். என்னுடையதுதான் என்றேன்.

மீதிக் கேம்ப் முழுக்க நான் ஹவில்தார் சாப்தான். சமையல்காரர் என்னைப் பார்த்தால் கரண்டியோடு விறைத்து நிற்பார். தாவீது மட்டும் சிரிக்கவில்லை. “இது உங்க சான்ஸுண்ணே” என்று தலையைக் குனிந்துகொண்டான். அவனும் சிரித்திருக்கலாம். அன்று சாயங்காலம் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, முப்பத்தெட்டு வயது ஆள், அழுதேன். மூன்றாவது பட்டை எனக்கு வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது போதும் என்றுதான் இருந்தேன்.

வீட்டுக்குப் போய் ஒரு கை பார்ப்பது என்று கிளம்பினேன். கோபத்தோடு போகிறவன் ஒரு பட்டையோடே போயிருக்க வேண்டும். தாம்பரம் வந்ததும் கை பழக்கத்தில் மூன்றை மாட்டிவிட்டது.

பகல் மூன்று மணி. அம்சவல்லி முறத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்சா, ஆர்மிலேர்ந்து வந்த லெட்டர நீயா வாங்கின?”

“ஆமா. ஆனி மாசத்துல வந்துச்சி.”

“நடேசன்கிட்ட சொல்லி வெச்சிருந்தேனே.”

“நீங்க சொல்லி வெச்சத அவரே சொன்னாரு. ராணுவ ரகசியமாமே. ஹவில்தார் சம்சாரத்துக்கே தெரியாத ரகசியம் போஸ்ட்மேனுக்கு எதுக்குங்கன்னு கேட்டேன். குடுத்துட்டுப் போய்ட்டாரு.”

“என்கிட்ட ஏன் குடுக்கல?”

“குடுத்தேனே. கையெழுத்து போட்டுட்டு கறிக்கொழம்பு துன்னீங்களே.”

குரலை ஏரிக்கரை அளவுக்கு உயர்த்தப் பார்த்தேன். வீட்டு அளவுக்குத்தான் வந்தது.

“அதுல இன்னா கேட்டிருந்தாங்கன்னு தெரியுமா உனக்கு?”

“நாயக் ஆக இஷ்டமான்னு கேட்டிருந்தாங்க. நீங்கதான காலண்டர் பின்னாடி படம் போட்டுக் காட்டினீங்க, நாயக்னா ரெண்டு பட்டைன்னு. மூணு பட்டை வெச்சிகினு கீற மனுசன, ரெண்டுக்கு எறங்குறியான்னு கேட்டா நான் இன்னான்னு எழுதறது? இஷ்டமில்லன்னு எழுதினேன். பேரு முன்னாடி வேற தப்பா அடிச்சிருந்தானுங்க. அத்தையும் திருத்தி அனுப்பினேன்.”

அவள் சொன்னதில் ஓட்டை தேடினேன். இல்லை. ஓட்டை என் பக்கம்தான் இருந்தது. நான் கோபப்பட வேண்டுமென்றால் முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக எனக்குத் தைரியம் வந்தது. இழக்க இனி எதுவுமில்லாதவனுக்கு வருகிற தைரியம். விறைத்து நின்றேன்.

“அம்சா, நான் ஹவில்தார் இல்ல. எந்தக் காலத்துலயும் இல்ல. லான்ஸ் நாயக். ஒரே ஒரு பட்டை.”

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“தெரியும்,” என்றாள்.

“எப்போலேர்ந்து?”

“மொத வாட்டி சட்டை துவைச்ச அன்னிக்கே. மூணு பட்டைய கழட்டினா, கீழ ஒரு பட்டை அகலத்துக்குத்தான் துணி வெளுக்காம கீது. நீங்களா சொல்லுவீங்கன்னு ரெண்டு வருஷம் பாத்தேன். அப்பறம் எனக்கே பழகிடுச்சி.”

ஒன்பது வருடம் கழிப்பறையில் பின் குத்திக் குத்தி விரலெல்லாம் புண். அத்தனையும் எதற்கு?

“தெரிஞ்சுமா வேணாம்னு எழுதின? அது ஒண்ணுதாண்டி எனக்கு நெஜமா வர இருந்தது.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

“லெட்டர்ல கீழ இன்னொண்ணு போட்டிருந்துச்சிங்க. பட்டை குத்தற அன்னிக்கி குடும்பத்தோட வரணுமாம். நான் கெளம்பினா காந்திமதி வராம இருக்குமா? மொத ஆளா பஸ் ஏறும். அங்க வந்து, உங்கள இப்பத்தான் நாயக் ஆக்கறாங்கன்னு பாத்துகினு வந்து தெரு முழுக்க சொல்லும். ஒம்போது வருஷமா இங்க நான் ஹவில்தார் பொண்டாட்டி. உங்களுக்கு ஒரு பட்டை ஏறணும்னு எனக்கு ஒண்ணு எறங்கணுமா?”

பதில் யோசித்தேன். கேடரில் அதற்கும் பாடம் உண்டோ என்னவோ, நான்தான் போகவில்லையே.

அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என் சட்டைக் கையிலிருந்த பின்னை மெதுவாக எடுத்தாள். மூன்று பட்டைத் துண்டை மடித்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டாள். “இது இனிமே வாணாங்க,” என்றாள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. பட்டை வராவிட்டால் போகிறது, பொய்யாவது முடிந்தது, இனி வெறுங்கையோடு நிம்மதியாகத் தெருவில் நடக்கலாம் என்று நினைத்தேன்.

பெட்டியைச் சாத்திவிட்டு அவள் சொன்னாள்:

“நீங்க கேம்ப்ல இருக்க சொல்ல காந்திமதி வூட்டுக்காரரு சூப்பர்வைசர் ஆயிட்டாரு. நான் சும்மா இருக்க முடியுமா? உங்கள ஹவில்தாருக்கும் மேல, நாயிப் சுபேதார் ஆக்கிட்டேன். தோள்ல வெக்கிற ஸ்டாரு தாம்பரத்துலயே கெடைக்குமாம், நாளைக்கி போய் வாங்கினு வந்துடுங்க.”

இந்தப் பதவி உயர்வுக்கு என் கையெழுத்துகூடத் தேவைப்படவில்லை.