உள்ளே நிறைய இடம் இருந்தது

கூச்ச சுபாவம் உள்ளவனிடம் பொறுப்பான வேலையை ஒப்படைக்கக் கூடாது. அவன் செய்யாமல் விடுவான் என்பதற்காக அல்ல. யாரிடமும் எதையும் கேட்காமல் தானாகவே செய்து முடித்துவிடுவான் என்பதற்காக. என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

இலங்கையில், கித்துல்கலவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுவது என் தொழில். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. தமிழ்ப் பத்திரிகையை ஓரம் விடாமல் படிப்பேன். இங்கிலீஷில் இலக்கங்கள் மட்டும் தெரியும். மகள் கௌசி டவுனில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக வாங்கிய பழைய லேப்டாப் தோட்டத்து வரிசை வீட்டில் எங்களுக்குள்ள ஒற்றை அறை, அந்த லயத்துக் காம்பரா மாதிரி. ஒரு சாமானை உள்ளே வைக்க வேண்டுமென்றால் இன்னொன்றை வெளியே எடுக்க வேண்டும்.

அந்த லேப்டாப்புக்குள் அவள் இன்னொரு கம்ப்யூட்டரைக் குடி வைத்திருந்தாள். திரையில் ஒரு ஜன்னல் திறக்கும். அதற்குள் வேறொரு கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு ஓடும். வர்ச்சுவல் மெஷின் என்று பெயர். (எனக்கு ஒன்றையே ஒழுங்காக மூடத் தெரியாது.) திங்கட்கிழமை சாரிடம் காட்ட வேண்டிய பரீட்சை வேலை முழுவதையும் அதற்குள்தான் செய்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் மழை. மழை என்றால் பால் வெட்டு கிடையாது. கௌசி வகுப்புக்குக் கிளம்பும்போது சொன்னாள்:

"அப்பா, மாமா கல்யாண வீடியோதான் எடத்தயெல்லாம் அடைச்சிக்கிட்டு இருக்கு. என் மெஷின் நடுவுல நடுவுல நின்னு போவுது. வீடியோவ பென் டிரைவ்ல ஏத்திட்டு இதுல அழிச்சிருங்க. வேற ஒண்ணையும் தொட வேணாம்."

"சரிம்மா."

பென் டிரைவ் கோயில் தலைவரிடம் இருந்தது. பக்திப் பாட்டு ஏற்ற வாங்கிப் போயிருந்தார். போய்க் கேட்டால் உட்கார் என்பார். உட்கார்ந்தால் திருவிழாவில் நன்றியுரை நீதான் என்பார். குடையோடு லயத்து முனை வரை போனேன். அவர் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டேன்.

வேறு வழி தேடினேன். லேப்டாப்பில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் கோடு சிவப்பாக, முட்ட முட்ட நிறைந்திருந்தது. கௌசியின் மெஷினைத் திறந்து அதற்குள் பார்த்தேன். அங்கேயும் அதே மாதிரி ஒரு கோடு. ஆனால் நீலம். முக்கால்வாசி காலி.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. உள்ளே இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டுவிட்டு வெளியே இடமில்லை என்கிறாளே, இதுதான் படித்த பிள்ளைகளின் லட்சணம் என்று நினைத்தேன்.

வீடியோவைத் துண்டு துண்டாக உள்ளே இழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததும் வெளியே இருந்ததை அழித்தேன். தாலி கட்டு உள்ளே போனது. வெளியே இடம் கூடவில்லை. பந்தி உள்ளே போனது. அப்போதும் கூடவில்லை. ஓட்டை வாளியில் தண்ணீர் மொண்ட கதைதான். மனைவி செல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அதோட சண்ட போடுறீங்க?"

"இந்தச் சனியன் எதையோ ஒளிச்சி வச்சிருக்கு."

ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்தும் விட்டேன். இங்கிலீஷ் பெயரோடு ஒரே ஒரு ஃபைல். மற்றவற்றுக்கெல்லாம் சின்ன இலக்கம், இதற்கு மட்டும் ரயில் பெட்டி மாதிரி நீளம். இந்தக் குண்டன்தான் வீட்டையே அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். கௌசியின் மெஷினைப் பத்திரமாக மூடினேன். (அதற்கு எந்தக் கெடுதலும் வரக் கூடாது அல்லவா.) பிறகு குண்டனை அழித்தேன். லேப்டாப் இங்கிலீஷில் நீளமாக ஏதோ கேட்டது. மரியாதையாகக் கேட்கிறது என்று நினைத்து ஆமாம் என்று அமுக்கினேன்.

சிவப்புக் கோடு சட்டென்று நீலமானது. இஞ்சி தட்டிப் போட்டு எனக்கு நானே ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்தேன்.

சாயங்காலம் கௌசி வந்து லேப்டாப்பைத் திறந்தாள். அங்கேயும் இங்கேயும் தட்டித் தேடினாள்.

"அப்பா, என் மெஷின் எங்க?"

"உள்ளதான் இருக்கு. நான் தொடவே இல்ல."

"பெருசா ஒரு ஃபைல் இருந்திச்சே?"

"அந்தக் குண்டனா? அவனாலதான் எடமே இல்லாம போச்சு."

"அதுதாம்ப்பா மெஷின்."

உள்ளே இருந்த மொத்தக் கம்ப்யூட்டரும் வெளியே அந்த ஒரு ஃபைல்தானாம். உள்ளே போடப் போட வெளியே அது வீங்குமாம். யட்டியாந்தோட்டையில் லேப்டாப் திருத்தும் கடைக்கு மழையிலேயே ஓடினோம். கடைக்காரர் நெடுநேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "பே அய்யே," முடியாதண்ணே என்று கையை விரித்தார். அவ்வளவு பெரியது குப்பைக் கூடையில்கூடத் தங்காமல் போய்விட்டதாம். மிகவும் சுத்தமாக அழித்திருக்கிறேன் என்றும் சிங்களத்தில் சொன்னார். பாராட்டு மாதிரிதான் இருந்தது.

பஸ்ஸில் கௌசி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பொறுக்க முடியாமல் நானே கேட்டுவிட்டேன்.

"உள்ள அவ்வளவு எடம் இருக்குன்னு அதுதானம்மா காட்டுச்சு?"

"நமக்கு வீடு கட்ட அரசாங்கம் குடுத்த ஏழு பேர்ச் காணி மாதிரிதாம்ப்பா. பேப்பர்ல இருக்கும். மண்ணு இருக்காது."

"அது தெரிஞ்சும் அங்க போயி என் தம்பி கல்யாணத்த நடத்தியிருக்காரு உங்கப்பா," என்றாள் செல்வி.

கௌசி அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். திங்கட்கிழமை சாரிடம் நடந்ததை அப்படியே சொன்னாள். இப்படியொரு பொய்யை யாராலும் கட்ட முடியாது என்று ஒரு வாரம் தவணை கொடுத்தார். தூங்காமல் கிடந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்து பாஸானாள். குண்டனோடு சேர்ந்து போன வீடியோவை மச்சான் தன் போனிலிருந்து அனுப்பும் வரை செல்வி என்னோடு பேசவில்லை.

போன மாதம் அந்த ஏழு பேர்ச்சை அளக்க நிஜமாகவே ஆட்கள் வந்தார்கள். மேட்டில் நாலு மூலையிலும் கம்பு நட்டுவிட்டு, இதுதான் உங்கள் இடம் என்றார் வந்த ஐயா. செல்வி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"நல்லா பாருங்க. இது உள்ள இருக்கிற எடமா, வெளிய இருக்கிற எடமா?"

கௌசி குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள். ஐயா என்னவென்று கேட்டார். குனிந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தேன்.

மண்தான்.