சம்பந்தி பிடித்த தலைநகரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நாட்டுக்குத்தான் குறை. அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் கஷ்டத்துக்கு நீங்கள்தான் காரணம் என்றாலும் நம்புகிறேன்.

பேருந்துப் பணிமனையில் யாருக்கு எந்த வண்டி என்று ஒதுக்கிக்கொண்டிருந்த மனுஷன், ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிறாரே என்று, போர், ராஜதந்திரம் எல்லாம் உள்ள அந்தக் கணினி விளையாட்டைப் போட்டுக் கொடுத்தீர்கள். "ரொம்ப ஈசி மாமா" என்றீர்கள். எது ஈசி? திரை முழுக்க வரைபடம், அதைச் சுற்றிப் பொத்தான்கள். ஒன்றைத் தொட்டால் வரி ஏறுகிறது, இன்னொன்றைத் தொட்டால் குடிமக்கள் கலகம் செய்கிறார்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் என் ராஜா கிழவராகிச் செத்தே போய்விட்டார். நேரத்தை நிறுத்தப் பொத்தான் உண்டு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சரி, யார் மேலாவது படையெடுக்கலாம் என்றால், தகுந்த காரணம் காட்டு என்கிறது. நம் குடும்பத்தில் யாராவது காரணம் காட்டியா சண்டை போட்டிருக்கிறோம்?

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அதே விளையாட்டில் பக்கத்து நாட்டை உங்கள் அப்பாவிடம் கொடுத்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கல்யாணத்திலிருந்து சம்பந்தியும் நானும் "சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி" என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. போன வாரம் அவரே போன் செய்தார்.

"சம்பந்தி, வடக்கு நாட்டோட எனக்கு ஒரு சண்டை. நம்ம படைய உங்க நாட்டு வழியா கொஞ்சம் விடுறீங்களா?"

பெண்ணைக் கொடுத்த இடம். வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்ல முடியுமா? "இதுக்கெல்லாம் கேக்கணுமா? உங்க நாடு மாதிரி நெனச்சுக்குங்க" என்றுவிட்டேன். அவரும் அப்படியே நினைத்துக்கொண்டார். படை வடக்கே போகவில்லை. என் தலைநகரத்தில் உட்கார்ந்துகொண்டது. வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாதே என்று என் காவல்படையை வேறு நானே ஓரங்கட்டி நிறுத்தியிருந்தேன். கேட்டால், "விளையாட்டுதானே சம்பந்தி" என்று சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் மாமியாரோ, "சம்பந்தி ஆசப்பட்டா குடுத்துட்டுப் போங்களேன், இன்னும் ரெண்டு ஊர் இருக்குல்ல" என்கிறாள். இந்த வீட்டில் தேசப்பற்று என்பதே கிடையாது.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீடு மாறும்போது சாமான் தூக்க நான் வரமாட்டேன். பீரோவின் ஒரு பக்கத்தை உங்கள் அப்பா பிடிக்க, மறுபக்கத்தை நான் பிடிப்பது நடக்காது. என் தலைநகரம் திரும்பி வரட்டும், பிறகு பார்க்கலாம். இந்த விளையாட்டையும் அழித்துவிட்டுப் போங்கள். எனக்கு மனசே விட்டுப்போச்சு.

மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, கோபம் அதில் சேராது.

இப்படிக்கு,
நாட்டைப் பறிகொடுத்த மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் அப்பா போன் செய்தார். வடக்கு நாடு நிஜமாகவே அவர்மேல் பாய்ந்துவிட்டதாம். "தலைநகரத்த எடுத்துக்குங்க சம்பந்தி, நீங்க இல்லாம என்னால சமாளிக்க முடியாது, வாங்க" என்றார். பணிமனையை விட்டு வந்த பிறகு என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை, மாப்பிள்ளை. கண் கலங்கிவிட்டது. படையோடு கிளம்பிவிட்டேன். விளையாட்டை அழித்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேரையுமே எதிர்பார்க்க வேண்டாம். பீரோ தூக்க வேறு ஆள் பாருங்கள்.