எல்லப்பனின் பட்டுச் சட்டை

பெண் வீட்டார் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. அதற்குச் சற்று முன் ஒரு கம்பெனி பஸ் ஒரகடம் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் நின்று, வாந்தி எடுப்பவர்களாக இறக்கியது. கேன்டீன் சாம்பார்.

இனியவனுக்கு அவசர மருத்துவ மேற்படிப்பில் கடைசி வருடம். இதுவரை வந்த பெண்கள் எவரையும் அவன் பார்த்ததில்லை. லீவு கிடைக்கவில்லை. மண்ணூர்க்காரர்கள் மட்டும், "நாங்களே ஆஸ்பத்திரிக்கு வந்துர்றோம் தம்பி" என்றார்கள். இதுவும் போனால் இனி வரன் தேடுவதாக இல்லை என்று அம்மா சொல்லியிருந்தாள்.

சொன்னபடி வந்தார்கள். எல்லப்பன், மனைவி கிளியம்மாள், மகள் இசைவாணி. எல்லப்பன் பட்டுச் சட்டையில் இருந்தார்.

நாற்காலிகள் முழுக்க சாம்பார் ஆட்கள். ஒரு கட்டில் மட்டும் காலி.

"இதுல உக்காருங்க மாமா. இதோ வந்துர்றேன்."

அது தவறு. அங்கே கட்டிலில் உட்கார்ந்தவர் நோயாளி.

அவன் திரும்பி வந்தபோது சத்யப்பிரியா சிஸ்டர் அவரைப் படுக்க வைத்து, கையில் ஊசி போட்டிருந்தார்.

"சாம்பார் கேஸ்தானே டாக்டர்?"

"இல்ல சிஸ்டர். மாமனார் கேஸ்."

மன்னிப்புக் கேட்கக் குனிந்தான். எல்லப்பனின் நெற்றி வேர்த்திருந்தது. வேர்த்த நெற்றியைக் கண்டால் அவன் கை அவனைக் கேட்பதில்லை. கத்தரிக்கோல் சட்டையின் அடியில் நுழைந்து காலரில் வெளியே வந்தது.

எல்லப்பன் இரண்டு பாதிகளையும் பார்த்தார்.

"இன்னாபா, மாப்ள பாக்க வந்தா சட்டைய வெட்டற?"

"பழக்கம், மாமா."

"யார் வந்தாலும் வெட்டுவியா?"

"வேர்த்திருந்தா வெட்டுவேன்."

"ஒரகடத்துல எவனுக்குபா வேர்க்காது?"

சட்டைக்குப் பதிலாக ஆஸ்பத்திரி அங்கி ஒன்றைக் கொடுத்தான். அதற்கு முன்பக்கம் மட்டுமே உண்டு. வெட்டியதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று ஈசிஜி எடுத்தான்.

காரணம் கிடைத்தது.

தாளை இரண்டு முறை படித்தான். இரண்டாவது முறையும் அது மாப்பிள்ளை பக்கம் பேசவில்லை. நாளைக்கு வரச் சொல்லலாம். சிரித்த முகமாக அனுப்பி வைக்கலாம். கல்யாணம் நடக்கும். மாமனார் இருப்பாரா என்பதுதான் தெரியாது.

"மாமா, இதயத்துக்கு ரத்தம் சரியாப் போகல. இங்கயே தங்கணும்."

"சட்டையும் வெட்டிட்டு படுக்கவும் சொல்றியா? உனக்குப் பொண்ணு கெடையாது."

"சரி மாமா. தங்கணும்."

எல்லப்பன் விருட்டென்று எழுந்து வாசலை நோக்கி நடந்தார். பின்னாலிருந்த சாம்பார் ஆட்கள் வாந்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் பின்பக்கமாகவே நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"கிளியா, வூட்டுக்குப் போயி வேற சட்டை எட்தா."

"எல்லாத்தையும் ஊற வெச்சுட்டேன்யா."

அவர் படுத்துக்கொண்டார். இதய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்று சொல்லி மேல்மாடிக்கு அழைத்துப் போனார்.

இனியவன் வராந்தாவில் கிளியம்மாள் எதிரே நின்றான். அப்போதுதான் இசைவாணியை நிமிர்ந்து பார்த்தான். அவளை அவனுக்குப் பிடித்திருந்தது. அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிருங்க அத்தை. மாப்பிள்ளை பாக்க வந்த எடத்துல இப்படி ஆயிடுச்சு."

கிளியம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இன்னாத்துக்கு தம்பி மன்னிப்பு கேக்கறீங்க? மாசக்கணக்கா நெஞ்சு வலின்னு சொல்லிக்கினு கீறாரு, ஆஸ்பத்திரின்னா மட்டும் வர மாட்டாரு. போன மாசம் கண் டாக்டர் மாப்பிள்ளையப் பாக்கக் கூட்டிக்கினு போயிதான் கண்ணாடி போட்டோம். முட்டிக்கு யாராச்சும் கல்யாணம் ஆவாத டாக்டர் இருந்தா சொல்லுங்க."