இன்ஜின் அறை முதுகு

அப்துல் பாரி கப்பலை விட்டு இறங்கி ஊர் திரும்பியபோது ஒரு பெரிய தீர்மானத்தோடு திரும்பினார். அடுத்த ஒப்பந்தம் வரும்வரை வீட்டில் ஒரு செம்பைக்கூடத் தூக்குவதில்லை.

தீர்மானத்துக்குக் காரணம் இருந்தது. பசுந்தாங் என்ற பர்மிய நகரப் பகுதியில் அவர் குடும்பம் குடியிருந்தது ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடியில். மோட்டார் ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரம் தனக்குத் தோன்றும்போது வரும். மற்ற நேரங்களில் தண்ணீர் கீழே இருக்கும், வீடு மேலே இருக்கும், நடுவே படிக்கட்டில் ஒரு கணவன் இருப்பான். அந்தக் கணவனாகப் பல வருடம் இருந்து பார்த்துவிட்டுத்தான் பாரி கப்பல் ஏறினார்.

கப்பல் என்றால் சரக்குக் கப்பல் இல்லை. வெள்ளைக்காரர்கள் வெயிலைத் தேடிப் போய்ப் படுத்துக்கொள்வதற்கென்றே கட்டிய மிதக்கும் ஓட்டல். சிங்கப்பூரில் கிளம்பும். பினாங்கு, புக்கெட், மாலத்தீவு, சேஷெல்ஸ், மொரீஷியஸ் என்று மணல் வெள்ளையாக இருக்கும் இடத்திலெல்லாம் நிற்கும். பாரிக்கு அதில் கடற்கரை வேலை. முதல் படகில் இறங்கி, மணலில் குடைகளை நட்டு, சாய்வு நாற்காலிகளை விரித்து, துண்டு போட வேண்டும். பயணிகள் வந்து படுத்ததும், அவர்கள் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு தென்னை மரத்தடியில் நிற்க வேண்டும். சாயங்காலம் எல்லாவற்றையும் மடக்க வேண்டும். இதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள் என்பதை அவரால் கடைசிவரை நம்ப முடியவில்லை.

இதை மனைவி உம்மு சல்மாவிடம் சொல்ல முடியாது. அவள் கோழி கூவுமுன் எழுந்து மாவு பிசைந்து, தெருவோரத்தில் சமோசாக் கடை போடுகிறவள். சமோசாவை வெட்டிக் கிண்ணத்தில் போட்டு, பருப்புச் சாறு ஊற்றி, முட்டைக்கோஸ் தூவி, நாள் முழுக்க நின்றுகொண்டே கொடுப்பாள். அவளிடம் போய்த் தென்னை மரம், தென்றல் காற்று என்றெல்லாம் சொல்ல ஒரு கணவனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்? பாரியிடம் அவ்வளவு இல்லை. ஆகவே தன்னை இன்ஜின் அறையில் போட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார். மனைவிக்காகக் கஷ்டப்படுகிற கணவர்கள் ஊரில் எத்தனையோ பேர். கஷ்டத்தையே உட்கார்ந்து யோசித்து உண்டாக்குகிறவன் படும் கஷ்டம் யாருக்குத் தெரியும்?

கப்பலிலிருந்தபோது அவ்வப்போது போன் செய்வார். வீட்டில் போன் கிடையாது. தெருமுனையில் டோ மியா என்ற பர்மியப் பெண்மணி ஒரு மேசை போட்டுப் போன் வைத்திருந்தாள். சல்மா ஓடி வந்து ரிசீவரை எடுப்பாள்.

"கேக்குதா சல்மா? இங்க ஒரே கொதிப்பு. கண்ணைத் தொறந்தா எண்ணெய், மூடினா புகை."

"அல்லாவே! என்னங்க, பின்னாடி மேளம் அடிக்கிற மாதிரி இருக்கு?"

"அது பிஸ்டன்."

"யாரோ பொம்பளை சிரிக்கிறா."

"அது விசில். சூடு ஏறினா அப்படித்தான் கத்தும்."

"பாட்டும் பாடுதே?"

"பெரிய இன்ஜின் சல்மா."

பொய்யில் ஒரு ஒழுங்கு வேண்டும் என்பது பாரியின் கொள்கை. வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது. இன்ஜின் என்றால் கடைசிவரை இன்ஜின்தான்.

ஊர் திரும்பியபோது நிறம் மட்டும் கொஞ்சம் சிக்கலாக இருந்தது. வெயிலே படாத பாதாளத்தில் கிடந்தவர் வாணலி மாதிரிக் கறுத்து வந்திருந்தார். பாதத்தில் மட்டும் செருப்பு வார் ஓடிய இடம் பளிச்சென்று வெளுப்பாக இருந்தது. சல்மா கால் பிடித்துவிடும்போது கேட்டாள்.

"இது என்னங்க, கோடு போட்ட மாதிரி?"

"இன்ஜின் சூடு. செருப்பு இருந்த இடத்தை விட்டுட்டு மத்ததை எல்லாம் சுட்டிருச்சு."

"நல்லவேளை, செருப்பாவது காப்பாத்துச்சு" என்றாள் சல்மா.

முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. இப்படி ஒரு மனைவி அமைந்ததற்காகப் பாரி மனதுக்குள் இறைவனுக்கு நன்றி சொன்னார்.

பிறகு முதுகு வந்தது. கீழே தண்ணீர் பிடிக்க வாளியை எடுத்த முதல் நாளே "யா அல்லா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்ஜின் அறையில் இரும்பு தூக்கித் தூக்கி முதுகெலும்பு தேய்ந்துவிட்டது என்றார். சல்மா பதறிப்போனாள். வாளி அவர் கையிலிருந்து அவளுடைய தம்பி ஜுல்ஃபிகரின் கைக்கு மாறியது.

ஜுல்ஃபிகர் அந்த வீட்டிலேயே சாப்பிட்டு, அந்த வீட்டிலேயே தூங்கிக்கொண்டிருந்தான். கப்பல் பயிற்சியை முடித்து, கப்பலில் வேலை பார்க்க உரிமம் தரும் கடலோடிப் புத்தகத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, கூப்பிட ஒரு கப்பலும் இல்லாமல் வருடக்கணக்கில் அக்காவின் கடையில் ஸ்டூல் எடுத்துப் போடுகிறவன். இவனை எந்தக் கப்பல் கூப்பிடும் என்று பாரி பல தடவை வாய்விட்டே கேட்டிருக்கிறார். ஜுல்ஃபிகர் சிரித்துக்கொள்வான். மூளை இருந்தால்தானே கோபம் வரும் என்று பாரி நினைத்துக்கொள்வார்.

முதுகுக்கு ராஜ உபசாரம் நடந்தது. காலையில் கடுகெண்ணெய், மத்தியானம் ஆட்டுக்கால் சூப், சாயங்காலம் ஒத்தடம். வீட்டின் ஒரே பஞ்சு மெத்தையும் முதுகுக்குத்தான் கிடைத்தது. முதுகின் புண்ணியத்தில் பாரிக்குக் கொஞ்சம் தொப்பைகூட விழுந்தது.

டீக்கடைக்குப் போகும்போது மட்டும் முதுகு வீட்டிலேயே தங்கிவிடும். அங்கே பாரி சொல்லும் கப்பல் வேறு. நீலத்தில் எத்தனை வகை என்று மாலத்தீவில் எண்ணிப் பார்த்தது, சேஷெல்ஸில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி அவரைத் தத்தெடுத்துக்கொள்வதாகச் சொன்னது, மொரீஷியஸில் தமிழ் பேசத் தெரியாத ஒரு தமிழன் அவரைக் கட்டிப்பிடித்து அழுதது. நண்பர் ஜமால் வாயைத் திறந்தபடி கேட்பார். ஜமாலின் மனைவி ஃபக்ருன்னிசா தினமும் சல்மாவின் கடையில் நின்று மணிக்கணக்கில் பேசுகிறவள். ஆனால் டீக்கடையில் கேட்டதை ஆண்கள் வீட்டில் போய்ச் சொல்வதில்லை என்பது பாரியின் திடமான நம்பிக்கை. தன்னை வைத்து உலகத்தை எடைபோடுகிறவர் அவர்.

ஒரு நாள் ஜுல்ஃபிகரும் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், மணல்ல நட்ட குடை காத்துக்குப் பறந்துராதா?"

"அதுதான் மாப்ளே வித்தை. எல்லாருக்கும் வராது."

"சொல்லிக் குடுங்க மச்சான். சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"உங்க ராத்தாகிட்ட உளறக் கூடாது."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன்."

ஒரு கலைஞனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? பாரி கடையின் தாழ்ந்த ஸ்டூல்களைத் தெருவில் வரிசையாகப் போட்டார். காற்று எந்தப் பக்கம் அடித்தால் குடையை எந்தப் பக்கம் சாய்ப்பது, கம்பை எப்படித் திருகித் திருகி இறக்குவது, சாய்வு நாற்காலியை ஒரே உதறலில் எப்படி விரிப்பது, தூங்குகிறவரை எழுப்பாமல் நிழலை எப்படி நகர்த்துவது என்று குனிந்து நிமிர்ந்து காட்டினார். ஜுல்ஃபிகர் மறுநாளும் வந்தான். சந்தேகம் கேட்டான். செய்து காட்டினான். பாரி திருத்தினார். தேறிவிட்டான் என்று ஜமாலிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

அந்த வாரமே டோ மியாவின் மேசைக்கு, கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டு ஆபீஸிலிருந்து போன் வந்தது. சல்மாதான் எடுத்தாள்.

"கப்பல் சிங்கப்பூருக்குத் திரும்பி வருதாம். உங்களைக் கேக்கறாங்க" என்று வந்து சொன்னாள்.

பாரியின் நெஞ்சுக்குள் அலை அடித்தது. முகத்தில் அதைக் காட்டாமல் மெத்தையில் புரண்டு முனகினார்.

"என்ன செய்யிறது சல்மா. போய்த்தான் ஆகணும். மறுபடியும் அந்த நெருப்புக் குழி. குடும்பம்னு ஒண்ணு இருக்குதே."

"இந்த முதுகோடயா?"

"முதுகு போனா போகட்டும். நீயும் நானும் நல்லா இருக்கணும்."

சொன்னபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது. சல்மா எழுந்தாள். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். மனைவியை அழவைத்துவிட்டோமே என்று பாரிக்கு ஒரு கணம் வருத்தமாக இருந்தது. அடுத்த கணம், போன தடவை மாலத்தீவில் வாங்காமல் விட்ட கறுப்புக் கண்ணாடி ஞாபகத்துக்கு வந்தது.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"முடிச்சிட்டேங்க."

"எதை?"

"ஏஜெண்டு ஆபீஸுக்கே போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன். அவரு முதுகு போச்சு, இனிமே வரமாட்டாருன்னு."

பாரி மெத்தையிலிருந்து துள்ளி எழுந்தார். எழுந்த பிறகு ஞாபகம் வந்து மெதுவாக உட்கார்ந்தார்.

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"யாரைக் கேக்கணும்? உங்க முதுகை வித்துச் சோறு திங்க நான் என்ன பாவியா?"

"அந்த இடத்துக்கு எத்தனை பேரு அலையிறான் தெரியுமா? விட்டா போச்சு!"

"நெருப்புக் குழிக்கா அலையிறாங்க?"

பாரி அவசரமாக முதுகைத் தடவிக்கொண்டார்.

"அதான் வேற ஆளு போயிரக் கூடாதுன்னு, நம்ம ஜுல்ஃபிகரைப் போடச் சொல்லிட்டேன்" என்றாள் சல்மா. "சின்ன வயசு. கொஞ்சம் வெந்தா ஒண்ணும் ஆயிராது."

இரவு சாப்பாடு இறங்கவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தார். முதுகு நன்றாக இருக்கிறது என்றால் இத்தனை நாள் தின்ற ஆட்டுக்கால் எதற்கு? இன்ஜின் அறையே இல்லை என்றால் பிஸ்டன் எது, விசில் எது? உண்மையைச் சொன்னால் மனைவி போவாள். சொல்லாவிட்டால் மொரீஷியஸ் போகும். தனியாக ஏஜெண்டைப் பார்த்துக் காதோடு காதாகப் பேசி முடித்துவிடலாம் என்று கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ஆபீஸ் வரைக்கும் போய், சேர வேண்டிய கணக்கைக் கேட்டுட்டு வந்துர்றேன்" என்றார் காலையில்.

"தனியாவா? படியில விழுந்துட்டா? நானும் வர்றேன்" என்றாள் சல்மா. கடையை ஜுல்ஃபிகரிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் பள்ளம் வந்தபோதெல்லாம் பாரி முனக வேண்டியிருந்தது. ஆபீஸ் இருந்த லத்தா பகுதி வரும்வரை பள்ளங்களுக்குக் குறைவே இல்லை.

ஏஜெண்டு ஊ சான் லின் நல்ல மனிதர். பாரியைப் பார்த்ததும் எழுந்து நின்று பர்மியத்தில் விசாரித்தார்.

"கோ பாரி, நடந்தே வந்துவிட்டீர்களா? படுத்த படுக்கை என்று வீட்டம்மா சொன்னாரே?"

"கொஞ்சம் பரவாயில்லை ஸயா. வேலைக்கு வரலாம் என்றுதான்..."

"எப்படி வருவீர்கள்? அது முழுக்கக் குனிகிற வேலையாயிற்றே."

பாரி ஓரக்கண்ணால் சல்மாவைப் பார்த்தார். அவள் பர்மியம் அவரைவிட நன்றாகப் பேசுகிறவள். சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு பகோடாவை ரசித்துக்கொண்டிருந்தாள்.

"இன்ஜின் அறை என்றால் கொஞ்சம் கஷ்டம்தான் ஸயா..." என்று இழுத்தார் பாரி.

"எந்த இன்ஜின் அறை?" என்றார் ஊ சான் லின், நிஜமான ஆச்சரியத்தோடு.

சல்மா பகோடாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கணவர்களின் வாழ்க்கையில் வெட்கத்தைப் பார்ப்பதா வேலையைப் பார்ப்பதா என்று ஒரு நேரம் வரும். பாரி வேலையைப் பார்த்தார். ஆபீஸ் நடுவில் போய் நின்றார். குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டார். நிமிர்ந்தார். மறுபடி தொட்டார். போதாதென்று மூலையிலிருந்த மடக்கு நாற்காலி ஒன்றைத் தலைக்குமேல் தூக்கி, ஒரே உதறலில் விரித்து, சத்தமில்லாமல் தரையில் வைத்தார். டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் கை தட்டினார்கள்.

"அடடா, எதற்காகத் தாமதித்தீர்கள்?" என்று ஊ சான் லின் உண்மையாகவே வருந்தினார். "பெயர் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. இனி மாற்ற மாட்டார்கள். உங்கள் மைத்துனரும் சாதாரண ஆள் இல்லை. நேற்றே வரவழைத்துச் சோதித்துப் பார்த்தேன். காற்றுக்குக் குடையை எப்படிச் சாய்ப்பது, தூங்குகிறவரை எழுப்பாமல் நிழலை எப்படி நகர்த்துவது, எல்லாம் சொல்கிறார். கப்பலையே பார்க்காத பையன்! யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். மச்சான் என்றார். பெரிய மனது உங்களுக்கு."

பாரி தான் விரித்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.

சல்மா அருகே வந்து அவர் தோளில் கை வைத்தாள். குரலில் அத்தனை கனிவு.

"அல்ஹம்துலில்லா, முதுகு சரியாப் போச்சு. தம்பி போயிட்டா கடைக்கு யாருன்னு நேத்தெல்லாம் தூக்கமே இல்லைங்க. வெயிலுக்குன்னு பெருசா ஒரு குடையும் வாங்கிட்டேன். நாளையிலேர்ந்து நீங்களே வந்து நட்டுருங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பார்த்து நடணும். நம்ம தெருவோரம் கெட்டித் தரை, சேஷெல்ஸ் மணல் மாதிரி சுலபமா இறங்காது."